முப்பதடி மேசை

அவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு தடவைகூட இல்லை. லூயிஷாமிலிருந்து சாரிங் கிராஸ் போகும் காலை ரயிலில் எதிரே இரண்டு இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும், கதவோரக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். நான் இருக்கையில் சாய்ந்து இளஞ்சிவப்பு நிறப் பொருளாதாரப் பத்திரிகையை விரித்துப் பிடித்திருப்பேன். அந்தப் பத்திரிகையை நான் வாசிப்பதற்காக வாங்கவில்லை, வாசிப்பதைப் பிறர் பார்ப்பதற்காக வாங்கினேன். அந்தப் பெட்டியில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரும் பத்திரிகையைப் பார்க்கவில்லை. நான் முழங்கையை எவ்வளவு தூரத்துக்கு அகட்டி வைத்திருக்கிறேன் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரண்டடி எட்டு அங்குலம்," என்றார் ஒருநாள். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"என்னது?"

"பேப்பர் வாசிக்கிற ஆளுக்கு வேணும். பக்கத்து ஆள் கொஞ்சம் ஒடுங்கினா இரண்டரை அடி காணும்."

என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் உண்மையிலேயே ஒடுங்கித்தான் இருந்தார். பத்திரிகையை மடித்தேன்.

அவர் கையில் எப்போதும் பழைய துணியில் சுற்றிய மூன்றடிக் குச்சி ஒன்று இருக்கும். முதலில் தையற்காரர் என்று நினைத்தேன். பிறகு, ஊரில் பிள்ளைகளை வெளுத்த பழக்கம் விடாத ஓய்வுபெற்ற வாத்தியார் என்று நினைத்தேன். இரண்டும் பிழை. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்.

"அண்ணை எந்த ஊர்?"

"லூயிஷாம்."

"அது தெரியும். அங்கை?"

"அங்கையும் ஒரு ஊர்தான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வெளியே மூடுபனிக்குள் வீட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன. எண்பதுகளின் நடுவில் அந்தப் பாதை முழுவதும் புகைபோக்கிகளும் சாம்பல் நிற வானமும்தான். அரைத்தூக்கத்தில் பார்த்தால் ரயில் நிற்பது போலவும் லண்டன்தான் எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருப்பது போலவும் இருக்கும்.

அவர் மேசை போடுகிறவர். பூங்கா ஒன்றின் ஓரத்தில், வெளிநாட்டு மந்திரிமாரை அரசாங்கம் வரவேற்கும் பழைய மாளிகை ஒன்று இருந்தது. அங்கே கூட்டத்துக்கு முன்னால் கதிரை, தண்ணீர்க் கிளாஸ், எழுதும் தாள், சீவிய பென்சில் எல்லாம் வைப்பதும், கூட்டம் முடிந்தபின் எடுப்பதும் அவருடைய உத்தியோகம். நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிடுவார்கள்.

எனக்கோ நடுவில் நடப்பது மட்டும்தான் தெரியும், அதுவும் பத்திரிகை வழியாக. நான் நகரக் கவுன்சிலில் வீட்டு வாடகை உதவிப்பணப் பிரிவில் வேலையில் இருந்தேன். மாலை வகுப்பில் பொருளாதாரம் படித்து, அரைவாசியில் கலியாணம் வந்து, மிச்ச அரைவாசியை மனைவியிடம் படித்துக்கொண்டிருந்த காலம். அரைப் படிப்புக்காரனுக்கு முழு வாய் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரே பட்ஜெட் வைத்திருப்பதையும், அதில் பெரும்பகுதி விவசாயிகளுக்குப் போவதையும், பிரிட்டனில் தோட்டம் துரவு குறைவென்பதால் போடுவது கூடவும் கிடைப்பது குறைவாகவும் இருப்பதையும், ஆகவே போட்டதில் ஒரு பகுதியைத் திருப்பித் தா என்று கேட்பதையும் அவருக்கு விளக்கினேன். நியூ கிராஸிலிருந்து லண்டன் பிரிட்ஜ் வரை நீண்ட அந்த விளக்கத்தை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அதுதான் அந்தக் கிளாஸ்."

"எந்தக் கிளாஸ்?"

"கூட்டம் முடிஞ்சு எடுக்கேக்கை பாப்பன். கேக்க வந்தவையின்ரை கிளாஸ் காலியாய் இருக்கும். குடுக்க மாட்டம் எண்டு வந்தவையின்ரை கிளாஸ் நிறைஞ்சபடி இருக்கும். வாயைத் திறந்தாத்தானே தம்பி தண்ணி உள்ளை போகும்."

மூன்று வருட மாலை வகுப்பில் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் துணியை அவிழ்த்துக் குச்சியைக் காட்டினார். கருமையேறிய மரம். ஒரு முனையிலிருந்து மற்ற முனை சரியாக மூன்றடி. இடையில், இரண்டரை அடியில், கத்தியால் ஒரு வெட்டு.

"எங்கடை மேசையின்ரை ஓரம் முப்பதடி," என்றார். எங்கடை மேசை, எங்கடை மந்திரிமார், எங்கடை பவுண்ட் என்றுதான் அவர் பேசுவார். "முதல் பத்து நாடு. ஆளுக்கு மூண்டடி. பிறகு இரண்டு நாடு புதிசாய் வந்து சேர்ந்துது. பன்னிரண்டு. மேசை அதே மேசை. ஆளுக்கு இரண்டரை அடி."

"ஆறு அங்குலம் குறைஞ்சிட்டுதே. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஆறு அங்குலத்துக்கு ஆர் கதைச்சது? காசிலை கால் வீதம் குறையட்டும், மூண்டு நாள் கதைப்பினம்."

அந்த இரண்டரை அடி எல்லாருக்கும் ஒன்று. வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய குட்டி நாட்டுக்கும் இரண்டரை அடி, அதற்குப் பக்கத்தில் மார்க் நாணயமும் இயந்திரமுமாக வீங்கிக் கிடந்த நாட்டுக்கும் இரண்டரை அடி. பெரிய நாட்டின் அதிகாரி ஒருவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து, எங்கள் மந்திரி பருத்த மனிதர், கொஞ்சம் தள்ளிப் போடலாமோ என்று கேட்டாராம். "கதிரையை அகலமாய்த் தரலாம் சர், இடத்தை அகலமாய்த் தர ஏலாது" என்று சொல்லிவிட்டாராம் இவர். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்து பார்ப்பேன். 'ஏலாது' என்பதைத் தமிழிலேயே சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றும்.

அந்த அறையை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் எனக்கு அது பழக்கமான அறை. எல்லாம் வைத்து முடித்தபின், ஆட்கள் வருவதற்கு முன்னால் கால் மணித்தியாலம் இருக்குமாம். உயரமான ஜன்னல்களால் பூங்காவின் வெளிச்சம் சரிந்து வந்து மேசையின் பச்சைத் துணியில் படுத்திருக்கும். பன்னிரண்டு கிளாஸ், பன்னிரண்டு தாள், பன்னிரண்டு பென்சில். பென்சில் கூர் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். நிலத்துக்கு அடியில் எங்கோ பாதாள ரயில் ஒன்று போகும். சத்தம் கேட்காது. பன்னிரண்டு கிளாஸிலும் தண்ணீரின் முகம் மட்டும் ஒரே நேரத்தில் மெல்ல நடுங்கி, ஒரே நேரத்தில் அடங்கும்.

"பன்னிரண்டு நாடும் ஒத்துப்போறதை நான் அப்ப மட்டும்தான் கண்டது," என்றார்.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்துவிட்டுக் குச்சியை எடுத்தார். அதுவரை எங்கள் வீட்டில் மேசையின் தலைப்பக்கம் எனக்குரியது. அங்கே என் தட்டு, என் பத்திரிகை, என் மூக்குக்கண்ணாடி, என் ஊறுகாய்ப் போத்தல் ஆகியவை விசாலமாக வாழ்ந்து வந்தன. இரண்டு நிமிடத்தில் நானும் மனைவியும் ஆறு வயது மகளும் சம இடைவெளியில் வைக்கப்பட்டோம். மகளின் ராச்சியம் என் ராச்சியத்தோடு சமமானது.

"இவர் இவ்வளவு நாளும் இரண்டு நாட்டின்ரை இடத்தைப் பிடிச்சு வைச்சிருந்தவர் அண்ணை," என்றாள் மனைவி.

"தெரியும். ரயிலிலை பாத்தனான்."

அவர் மட்டும் தட்டைக் கையில் ஏந்தி, குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். இருங்கோ அண்ணை என்று மனைவி மூன்று தடவை சொன்னாள். "இடம் அளக்கிறவனுக்கு இடம் இருந்தா அளவு பிழைச்சுப் போகும் பிள்ளை," என்றார். மனைவிக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. எனக்கு அன்று கொஞ்சம் பயமாக இருந்தது. தனக்கென்று ஒரு அங்குலமும் வேண்டாத மனிதரை எதைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பவுண்ட் விழுந்த அந்தப் புதன்கிழமையை என்னால் மறக்க முடியாது. நாடுகள் சேர்ந்து தங்கள் நாணயங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இந்த எல்லைக்குக் கீழே விழவிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்த காலம். பவுண்ட் ஒருபோதும் அந்த ஏற்பாட்டை விட்டுப் போகாது என்று செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். புதன்கிழமை காலையில் ஒரு வட்டி வீதம் அறிவித்தார்கள், மத்தியானம் அதைவிடப் பெரிய வட்டி வீதம் அறிவித்தார்கள், மாலையில் பவுண்ட் போய்விட்டது. என் வீட்டுக் கடன் அன்று ஒரு நாளிலேயே மூன்று முகம் காட்டியது. வியாழக்கிழமை பத்திரிகை வாங்கவில்லை. அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நாடுகள் முறைவைத்துத் தலைமை தாங்கும். ஏற்பாட்டைக் கைவிட்டு வெளியேறிய அந்த வருடத்திலேதான் தலைமை முறையும் பிரிட்டனுக்கு வந்திருந்தது. எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"ஏற்பாட்டை விட்டு ஓடின ஆக்கள் எந்த முகத்தோடை தலைமைக் கதிரையிலை இருக்கிறது அண்ணை?"

"இருக்கத்தான் வேணும். கதிரையை எடுத்திட்டா மற்றவை ஆரை ஏசுறது?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இன்னும் மூன்று நாடுகள் சேர்ந்து பதினைந்து ஆனது. லண்டனில் கூடும் முறை வர இன்னும் காலம் கிடந்தது. அவரோ அந்த வாரமே குச்சியில் இரண்டடியில் இன்னொரு வெட்டு வெட்டிவிட்டார். "வாற ஆக்கள் வந்து நிண்டபிறகு இடம் தேடக்கூடாது" என்றார். அந்தப் புதிய வெட்டு மந்திரிமாருக்குப் பயன்படுவதற்கு முன்னால் எங்களுக்குப் பயன்பட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

லண்டனில் எங்கள் ஊர்களுக்கெல்லாம் ஊருக்கொரு சங்கம் உண்டு. அவற்றில் ஒன்பது சங்கங்கள் சேர்ந்து, ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து முகாம்களில் இருக்கும் சனங்களுக்காக ஒரு பொது நிதி தொடங்கினோம். ஒவ்வொரு சங்கமும் தன் வசதிக்கேற்பப் போடுவது, தன் ஊர்ச் சனம் இருக்கும் முகாமின் தேவையைக் கேட்டு எடுப்பது. என் ஊர்ச் சங்கத்தின் பிரதிநிதியாகப் போன என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். இளஞ்சிவப்புப் பத்திரிகை அன்றுதான் முதல் தடவையாகப் பலன் கொடுத்தது.

அந்த நாட்களில் ஐரோப்பாவில் ஒரே நாணயம் வரப்போகிறது என்று பேச்சு. அதில் சேர விரும்பும் நாடு வரவுக்கு மீறி இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக்கூடாது, கடன் இவ்வளவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் தண்டனை என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுதினேன். ஒரு சங்கம் தொடர்ந்து இரண்டு வருடம் போட்டதைவிடக் கூடுதலாக எடுத்தால், அதன் உறுப்புரிமையும் அதன் வேலைத்திட்டமும் நிறுத்தி வைக்கப்படும். ஆங்கிலத்தில், இலக்கமிட்டு, நாலு பக்கம். ஒன்பது சங்கமும் கைதட்டி ஏற்றுக்கொண்டன. எல்லார் மனதிலும் இருந்தது எங்களில் மிகப் பெரிய சங்கம். அதன் தலைவர் இல்ஃபோர்டில் வீடு வாங்கி விற்கிறவர், ஊரில் மணிக்கூட்டுக் கோபுரம் கட்ட ஆசைப்பட்டவர். அவரைக் கட்டத்தான் இந்தக் கயிறு என்று நானும் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது பெரிய சங்கம் விதிக்குள் அழகாக இருந்தது. விதி பிடித்தது மிகச் சிறிய சங்கத்தை. தீவுப் பக்கத்து ஊர் ஒன்று. லண்டனில் அந்த ஊருக்கு ஆறு குடும்பம். அவர்களின் பிரதிநிதி ஃபாரஸ்ட் கேட்டில் வீட்டில் இருந்தபடியே குளிர் ஜாக்கெட்டுகளுக்கு ஸிப் தைக்கிற ஒரு அக்கா. ஊர்ச் சனம் முழுவதும் ஒரு முகாமில் இருந்தது. முகாமில் கிணறு இல்லை. பொதுநிதிக் காசில் தினமும் ஒரு தண்ணீர் வண்டி போய்வந்துகொண்டிருந்தது. ஆறு குடும்பம் போட்டதைவிடத் தண்ணீர் வண்டி கூடுதலாக எடுத்துவிட்டது. உறுப்புரிமையை நிறுத்தினால் வண்டியும் நிற்கும்.

"விதி எண்டா விதி," என்றார் வீடு விற்கிற தலைவர் தொலைபேசியில். "இண்டைக்கு இவைக்கு விட்டா நாளைக்கு ஒருத்தரும் ஒழுங்காய்ப் போட மாட்டினம். நீர் எழுதினதுதானே செயலாளர்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட அந்தக் கடைசி வசனத்தில் எனக்குப் புகழும் இருந்தது. அந்த அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். தமிழில் எழுதினால் உத்தியோகபூர்வமாக இருக்காது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் வராது என்பது எனக்குத் தெரியும். பிறகு மேசைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் கூட்டங்களுக்கு மேசை போடவும் அவர்தான் வருவார். எங்கள் ஒன்பது சங்கத்துக்கும் அவர் பொருத்தமானவர், ஏனென்றால் அவர் எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது.

"இந்த முறை எட்டுக் கதிரை அண்ணை."

"ம்," என்றார்.

கார்த்திகை மாத ஞாயிறு. பின்னேரம் மூன்று மணிக்கே மங்கிவிட்டது. ஃபாரஸ்ட் கேட்டில் தேவாலயம் ஒன்றின் பின்மண்டபம். நான் போனபோது மூன்று மடிப்பு மேசைகளை அரைவட்டமாக வளைத்து வைத்திருந்தார். வெளி ஓரம் பதினெட்டு அடி. அதில் ஒன்பது கதிரை, ஒன்பது கிளாஸ், ஒன்பது தாள், கூர்கள் ஒரே பக்கம் பார்த்தபடி ஒன்பது பென்சில். வெளியே மழைத் தூறல் விளக்கு வெளிச்சத்தில் விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"எட்டெண்டு சொன்னனான் அண்ணை."

"கேட்டது."

என்னோடு சேர்த்து எட்டுப் பிரதிநிதிகளும் வந்து இருந்தோம். ஒன்பதாவது கதிரை அரைவட்டத்தின் நடுவில் எல்லாரையும் பார்த்தபடி நின்றது. ஓரத்தில் வைத்திருந்தாலும் பரவாயில்லை. நடுவில் இருக்கும் வெறும் கதிரையைப் பார்க்காமல் ஒரு கூட்டத்தை நடத்த முடியாது.

"உந்தக் கதிரையை எடுங்கோ அண்ணை," என்றார் தலைவர்.

மேசைக்காரர் சுவரோரம், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் சாய்ந்து நின்றபடியே சொன்னார். "கதிரை வைக்கிறதுதான் தம்பி எனக்குத் தெரிஞ்ச வேலை. எடுக்கிறதெண்டா நீங்கள் எடுங்கோ."

தலைவர் தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தாளைப் பார்த்தார். பிறகு மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். விதி எழுதியவன் நான்தானே. எழுந்து போய்க் கதிரையைத் தூக்கினேன். நெஞ்சோடு அணைத்தபடி நாலடி வைத்திருப்பேன், கதவு திறந்தது.

அந்த அக்கா. தலையில் மழைக்குப் பிளாஸ்டிக் முக்காடு. கையில் ஒரு பைல். தோளில் சிவப்பு நூல் துண்டொன்று ஒட்டியிருந்தது. நான் கதிரையும் கையுமாக நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் சங்கடப்பட்டுப் போனது.

"ஐயோ தம்பி, நீங்கள் ஏன் எனக்காகக் கதிரை தூக்கிக்கொண்டு? வையுங்கோ. நான் நிக்கிறதுக்கு வரேல்லை. பைலைத் தந்திட்டுப் போறன்."

அந்தக் கதிரையை நான் வாழ்நாளில் தூக்கிய மிகப் பாரமான பொருள் என்று சொன்னால் மிகை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்த நேரத்தைவிட நீண்ட நேரம் எனக்கு நினைவில்லை. கடைசியில், எடுத்த இடத்திலேயே வைத்தேன். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து அவர் வந்தார். குச்சியை மேசை ஓரத்தில் வைத்துப் பார்த்தார். கதிரையை ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினார். "இப்ப சரி. இருங்கோ," என்றார்.

நகர்த்தி வைத்த கதிரையில் இருக்காமல் போவது மரியாதை இல்லை என்பதுபோல் அக்கா இருந்தார். பைலை என் பக்கம் தள்ளினார்.

"கடிதம் கிடைச்சுது. மகள் வாசிச்சுச் சொன்னவள். நாங்கள் இனி வரத் தேவையில்லை எண்டு. உங்களிலை பிழை இல்லை, எங்களாலை போட ஏலாமல் போச்சு. தண்ணி வண்டிப் பற்றுச்சீட்டெல்லாம் இதிலை இருக்கு." கிளாஸை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். தையல் வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். "வண்டிக்காரனை எப்ப நிப்பாட்டுறது எண்டு மட்டும் திகதியைச் சொல்லுங்கோ. இரண்டு நாள் முதலே தெரிஞ்சா அங்கை சனம் பானை, வாளி, போத்தல் எல்லாத்திலையும் பிடிச்சு வைச்சிடும்."

மண்டபத்துக்குப் பின்னால் ரயில் ஒன்று போனது. மேசையில் எட்டுக் கிளாஸ்கள் நிறைந்திருந்தன. எட்டிலும் தண்ணீர் நடுங்கியது. நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒருவரும் கிளாஸில் கை வைக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். வீடு விற்கிறவர்களுக்கு ஒரு வீட்டில் எப்போது பேச வேண்டும் என்பது தெரியும்.

"செயலாளர், உம்மடை விதியிலை விசேட சூழ்நிலைக்கெண்டு ஒண்டும் போடேல்லையோ?"

"போட்டிருக்கு," என்றேன்.

"எந்தப் பக்கத்திலை?"

"நாலாம் பக்கத்துக்குப் பின்பக்கத்திலை."

"நான் காணேல்லையே."

"கொஞ்சம் பொறுங்கோ, தெளிவாய் எழுதித் தாறன்."

முன்னால் இருந்த பென்சிலை எடுத்தேன். கூர் என் பக்கம் பார்த்திருந்தது. நாலாம் பக்கத்தைத் திருப்பி, முதல் தடவையாகத் தமிழில் எழுதினேன். குடிதண்ணீர்ச் செலவு எந்தச் சங்கத்தின் கணக்கிலும் சேராது, அது எல்லாருடைய செலவு. ஒன்றரை வரி. நாலு பக்க ஆங்கிலத்துக்கு எடுத்த நேரத்தில் நூறில் ஒரு பங்கும் ஆகவில்லை. தலைவர் வாசித்தார். "இது முந்தியே இருந்ததுதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "ஓம்," என்றேன். "அப்ப விதியை ஆரும் மாத்தேல்லை," என்று திருப்தியோடு கையை உயர்த்தினார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அக்கா தானும் உயர்த்தலாமோ என்று என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். ஒன்பது.

அவருடைய பைலைத் திருப்பிக் கொடுத்தேன். கடிதத்தையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். "அது இருக்கட்டும் தம்பி," என்றார். "வடிவான கடிதம். மகள் இங்கிலீசுப் பாடத்துக்கு வைச்சிருக்கிறாள்."

எல்லாரும் போனபின் மேசைக்காரர் கிளாஸ்களை எடுத்தார். எட்டு நிறைந்தவை, ஒன்று காலி. காலிக் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு வைத்தார். நான் கதிரைகளை மடித்து அடுக்கினேன். அன்று எனக்கு அந்த வேலை பொருத்தமாகப் பட்டது.

திரும்பும் ரயிலில் பெட்டி முழுவதும் காலி. ஈரமான ஜன்னல்களில் கிழக்கு லண்டனின் விளக்குகள் நீண்டு நீண்டு கரைந்தன. அவர் கதவோரம் கம்பியைப் பிடித்தார். நான் இருக்கப் போனேன், பிறகு இருக்கவில்லை. அவருக்கு எதிரே மற்றக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அந்த அக்காவின்ரை ஊரோ?"

"லூயிஷாம்," என்றார்.

அவர் குச்சியின் துணியை அவிழ்த்து, இரண்டடி வெட்டைப் பெருவிரலால் தடவினார்.

"ஒன்பது பேருக்கு ஆளுக்கு இரண்டடி வந்துது. எட்டாய்ப் போட்டிருந்தா இரண்டடி மூண்டு அங்குலம்," என்றார். "ஆளுக்கு மூண்டு அங்குலம்தான் அந்த ஒரு கதிரை. இண்டைக்கு ஆரும் நெருக்கமாய் இருக்கெண்டு சொன்னவையோ?"

எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தலைவரின் முழங்கைகளையும், என்னுடையவற்றையும்.

"இல்லை அண்ணை," என்றேன்.

"ம்," என்று குச்சியைத் திரும்பச் சுற்றினார்.